கோப்பு எல்லை தாண்டும்போது

சென்னையிலிருந்து பெங்களூருக்கு ரயிலில் போயிருக்கிறீர்களா? போயிருந்தால் குப்பம் ஸ்டேஷனைப் பார்த்திருப்பீர்கள் (தூங்கிப் போயிருந்தால் தவிர). ஜோலார்பேட்டையில் வண்டி மேற்கே திரும்பி, பச்சூரைத் தாண்டியதும் பெயர்ப்பலகைகளில் தெலுங்கு வந்துவிடும். குப்பம் தாண்டி இன்னும் கொஞ்ச தூரம் போனால் பங்காருப்பேட்டை, அங்கே கன்னடம். ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் மூன்று மாநிலம். ஊர்ப் பெயரோ நம்மூர்க் கடற்கரைக் குப்பங்களில் இருக்கிற அதே குப்பம்தான். கடைத்தெருவில் தெலுங்கு, தமிழ், கன்னடம் மூன்றும் காதில் விழும். மூன்றையும் ஒரே ஆள் பேசுவதும் சகஜம். 1997-ல் திராவிடப் பல்கலைக்கழகத்தை இந்த ஊரில் கொண்டு வந்து வைத்தது பொருத்தமான காரியம்.

இந்தப் பதிவு கணினிக் கோப்புகளைப் பற்றியது. ஆனால் குப்பத்திலிருந்து ஆரம்பித்தால் விஷயம் சுலபமாகப் புரியும். பொறுமையாக வாருங்கள்.

வெள்ளைக்காரர் காலத்தில் குப்பம் சென்னை மாகாணத்தில், வடஆற்காடு மாவட்டத்தில் இருந்தது. 1911-ல் சித்தூர் மாவட்டம் உருவானபோது அதற்குள் போனது. 1953 அக்டோபர் 1-ல் ஆந்திர மாநிலம் தனியாகப் பிரிந்தபோது சித்தூரோடு சேர்ந்து அங்கே போனது. 1956-ல் அந்த மாநிலம் ஆந்திரப் பிரதேசம் ஆனது. 1960-ல் படாஸ்கர் பரிந்துரைப்படி எல்லையைத் திருத்தி, திருத்தணியை இந்தப் பக்கம் கொடுத்தார்கள். குப்பம் அந்தப் பக்கமே நின்றது. 2022-ல் சித்தூரிலும் நெல்லூரிலும் இருந்த பகுதிகளைப் பிரித்துத் திருப்பதி மாவட்டம் உண்டாக்கினார்கள். அப்போதும் குப்பம் சித்தூரிலேயே தங்கிவிட்டது.

1940-ல் குப்பத்தில் பிறந்த ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். ஊரைவிட்டு ஒரு நாளும் வெளியே போகாதவர். ஆனாலும் அவர் பிறந்த மாகாணம் ஒன்று, பள்ளிக்கூடம் முடித்த மாநிலம் வேறு, கல்யாணம் செய்துகொண்ட மாநிலத்தின் பெயர் வேறு. ஆள் அசையவில்லை. அவரைப் பற்றி எழுதி வைத்திருக்கிற படிவத்தின் கட்டங்கள்தான் அசைந்துகொண்டே இருந்தன.

கோப்புக்கும் இதே கதைதான். கோப்பு என்றால் உள்ளே இருக்கிற எழுத்தோ படமோ மட்டும் என்று நினைக்கிறோம். அதோடு ஒரு சின்னப் படிவமும் சேர்ந்தே பயணம் செய்கிறது. யாருடையது, யார் படிக்கலாம், யார் மாற்றலாம், எப்போது உண்டானது, ஓட்டக்கூடிய நிரலா இல்லையா. இவற்றை அட்ரிபியூட் என்பார்கள்; தமிழில் பண்பு என்று வைத்துக்கொள்வோம். ஒரு இயங்குதளத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது உள்ளே இருப்பது பெரும்பாலும் பத்திரமாகப் போய்ச் சேரும். படிவம்தான் வழியில் கிழியும்.

குப்பத்துப் படங்கள்

2002-ல் ஹியூலெட்-பேக்கார்ட் நிறுவனமும் ஆந்திர அரசும் சேர்ந்து குப்பத்தில் 'ஐ-கம்யூனிட்டி' என்ற திட்டத்தைத் தொடங்கினார்கள். குப்பத்தையும் சுற்றியுள்ள மண்டலங்களையும் சேர்த்துச் சுமார் மூன்று லட்சம் பேர் வாழும் பகுதிக்கான மூன்றாண்டுத் திட்டம் அது. கிராமங்களில் கணினித் தகவல் மையங்கள் வைத்தார்கள். அந்தத் திட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்தது கிராமப் புகைப்படக்காரர்கள். சுய உதவிக் குழுப் பெண்களிடம் டிஜிட்டல் கேமரா, சின்ன பிரிண்டர், சூரிய சக்தியில் ஓடும் ஏற்பாடு எல்லாம் கொடுத்தார்கள். அவர்கள் ஊர் ஊராகப் போய், அடையாள அட்டைக்கும் வீட்டு விசேஷங்களுக்கும் படம் எடுத்து அங்கேயே அச்சடித்துக் கொடுத்தார்கள். அதுவரை ஒரு பாஸ்போர்ட் அளவுப் படத்துக்காகப் பஸ் பிடித்து டவுனுக்குப் போன ஜனங்களுக்கு இது சின்ன விஷயமில்லை.

அந்தக் காலகட்டத்தில்தான் நம்மைப் போல் வெளிநாட்டில் இருக்கிற குடும்பங்களின் கைக்கும் டிஜிட்டல் படங்கள் வர ஆரம்பித்தன. தாத்தா பாட்டி படம், வீட்டுக் கிரகப்பிரவேசம், தங்கை கல்யாணம், எல்லாம் மெமரி கார்டிலும் சிடியிலுமாக இங்கே வந்து சேர்ந்தன. அவற்றில் பல இன்று ஏதோ ஒரு பழைய ஹார்ட் டிஸ்கில் தூங்குகின்றன. அந்தப் படங்கள் இத்தனை ஆண்டுகளில் எத்தனை இயங்குதளங்களைத் தாண்டி வந்தன, வழியில் எதைத் தொலைத்தன என்பதுதான் இனி வரும் கதை.

இரண்டு வம்சம்

முதலில் யூனிக்ஸ். பெல் ஆய்வகத்தில் கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிட்சியும் 1969-ல் ஆரம்பித்தது. அதன் முதல் கையேடு 1971 நவம்பரில் வந்தது. ஒரே இயந்திரத்தைப் பல பேர் தனித்தனி முனையங்களில் உட்கார்ந்து பகிர்ந்துகொண்ட காலம். கூட்டுக் குடும்பம் மாதிரி. அதனால் 'இது யாருடையது' என்ற கேள்வி முதல் நாளிலிருந்தே இருந்தது. உரிமையாளர் படிக்கலாமா, எழுதலாமா. மற்றவர்கள் படிக்கலாமா, எழுதலாமா. இது ஓட்டக்கூடிய நிரலா. ஒவ்வொன்றுக்கும் ஒரு பிட். பிறகு குழு என்ற பிரிவும் சேர்ந்து, இன்று நாம் பார்க்கிற ஒன்பது அனுமதிகள் ஆயின: உரிமையாளர், குழு, மற்றவர் என மூன்று பேருக்கும் படிக்க, எழுத, ஓட்ட.

இன்னொரு வம்சம் மேசைக் கணினியுடையது. கேரி கில்டால் எழுதிய சிபி/எம் அதன் மூத்தவர். ஒரு மேசை, ஒரு கணினி, ஒரு ஆள். தனிக்குடித்தனம். 'யாருடையது' என்று கேட்க அங்கே ஆளே இல்லை. ஆனால் தானே தவறி அழித்துவிடக் கூடாதே! அதற்காக 1979-ல் வந்த சிபி/எம் 2-ல் 'படிக்க மட்டும்', 'சிஸ்டம் கோப்பு' என்ற குறிகளைச் சேர்த்தார்கள். எங்கே வைத்தார்கள் தெரியுமா? ஆங்கில எழுத்துக்கு ஏழு பிட் போதும்; கோப்பின் பெயரில் புள்ளிக்குப் பின்னால் வரும் மூன்று எழுத்துகளின் எட்டாவது பிட் சும்மாதானே கிடக்கிறது என்று அதற்குள் வைத்துவிட்டார்கள். (ஒருங்குறிக்கு முன்னால் நம் திஸ்கித் தமிழ் எழுத்துகள் குடியிருந்ததும் இதே எட்டாவது பிட்டின் புண்ணியத்தில்தான்.) இடம் இல்லாத வீட்டில் பரண்மேல் சாமான் ஏற்றுகிற கதை. இந்தப் பழக்கத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி மறுபடி வரும்.

டாஸ் இந்த வம்சத்தின் அடுத்த தலைமுறை. அது பயன்படுத்திய ஃபேட் அமைப்பில் ஒவ்வொரு கோப்புக்கும் 32 பைட் நீளத்தில் ஒரு பதிவு. அதில் ஒரு பைட் பண்புகளுக்கு. 1983-ல் டாஸ் 2.0 வந்தபோது நமக்குப் பழக்கமான நான்கும் நிலைத்துவிட்டன: ரீட்-ஒன்லி, ஹிட்டன், சிஸ்டம், ஆர்கைவ். கடைசியில் சொன்ன ஆர்கைவ் என்பது 'இந்தக் கோப்பு மாறியிருக்கிறது, இன்னும் பேக்கப் எடுக்கவில்லை' என்பதற்கான அடையாளம்.

இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். யூனிக்ஸில் உரிமையாளர் உண்டு, டாஸில் கிடையாது. டாஸில் ஹிட்டன் உண்டு. யூனிக்ஸில் அப்படிக் குறி இல்லை, பெயருக்கு முன்னால் ஒரு புள்ளி வைத்தால் மறைந்துவிடும், அவ்வளவுதான். யூனிக்ஸில் 'ஓட்டலாம்' என்பது ஒரு அனுமதி; டாஸில் அது பெயரின் வாலில் இருக்கிறது, .எக்ஸி என்று முடிந்தால் ஓடும். ஒத்துப்போவது ஏறக்குறைய ஒன்றே ஒன்றுதான், 'எழுதாதே' என்பது. அதுவும் ஒத்துப்போவது போலத்தான் தெரிகிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

கட்டம் இல்லாததைக் கிடைத்த கட்டத்தில் போடு

1991 கடைசியில் ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் மாணவராக இருந்த ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல் ஒரு நிரல் எழுத ஆரம்பித்தார். பின்னால் சாம்பா என்று பெயர் பெற்றது அது. யூனிக்ஸ் இயந்திரத்தை டாஸ், விண்டோஸ் கணினிகளுக்குக் கோப்பு சர்வராகக் காட்டும் வேலை. அங்கேயும் இதே சிக்கல் வந்தது. டாஸ்காரர் அனுப்பும் ஆர்கைவ், சிஸ்டம், ஹிட்டன் மூன்றையும் யூனிக்ஸில் எங்கே வைப்பது? யூனிக்ஸில் மூன்று 'ஓட்டலாம்' பிட்டுகள் இருக்கின்றன. டாஸ்காரருக்கு அவற்றால் பயனில்லை. ஆகவே ஆர்கைவ் குறி உரிமையாளரின் 'ஓட்டலாம்' பிட்டில் போனது. சிஸ்டம் குறி குழுவினுடையதில். ஹிட்டன் குறி மற்றவர்களுடையதில். மீண்டும் பரண்!

இதன் விளைவு வேடிக்கையானது. விண்டோஸில் ஒரு கோப்பை எழுதினாலே ஆர்கைவ் குறி விழும். அதனால் நீங்கள் விண்டோஸிலிருந்து சேமித்த பாட்டியின் படம், லினக்ஸ் பக்கம் போய் எல்.எஸ். கட்டளை போட்டுப் பார்த்தால், ஓட்டக்கூடிய நிரலாகப் பச்சை நிறத்தில் மின்னும். அந்தக் காலத்தில் அலுவலகங்களில் புதிதாகச் சேர்ந்த பையன்கள் இதைப் பார்த்து வைரஸ் என்று பதறிப்போவது உண்டு. வைரஸ் இல்லை தம்பி, பேக்கப் எடுக்கவில்லை என்று சொல்ல வந்த குறி இடம் மாறி உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

நமக்கு இது புதிதா என்ன? இனிஷியலோடு வாழ்ந்த ஜனம் நாம். அப்பா பெயரின் முதல் எழுத்து, அதன் பின்னால் நம் பெயர், கதை முடிந்தது. விமானம் ஏறி இங்கே வந்ததும் 'குடும்பப் பெயர்' என்று ஒரு கட்டம் எதிரே நிற்கும். நம்மிடம் அது கிடையாது. சிலர் அப்பா பெயரை அதில் போட்டார்கள். சிலருக்குச் சொந்தப் பெயரே அங்கே போய் உட்கார்ந்துவிட்டது. பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் அமெரிக்க விசாவில் அது குடும்பப் பெயர் ஆகி, முதல் பெயர் கட்டத்தில் 'எஃப்.என்.யூ.', அதாவது முதல் பெயர் தெரியவில்லை, என்று விழும். பிறகு ஆஸ்பத்திரியில் 'மிஸ்டர்' போட்டு அப்பாவின் பெயரைக் கூப்பிடுவார்கள், நாம் எழுந்து போவோம். ஆர்கைவ் பிட் 'ஓட்டலாம்' பிட்டில் உட்கார்ந்த கதைதான். :-)

சிக்வின் வந்த கதை

1993-ல் விண்டோஸ் என்டி வந்தது. டேவ் கட்லர் தலைமையில் செய்தார்கள். அதன் என்டிஎஃப்எஸ் கோப்பு அமைப்பில் யூனிக்ஸைவிட விரிவான அனுமதிப் பட்டியல் உண்டு: இன்னாருக்கு இன்ன உரிமை என்று தனித்தனியாக எழுதலாம். ஆனால் பழைய டாஸ் குறிகளையும் கைவிடவில்லை. ஆக, ஒரே கோப்பில் இரண்டு படிவங்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. அனுமதிப் பட்டியல் 'தாராளமாக எழுது' என்று சொல்லும். ரீட்-ஒன்லி குறி 'முடியாது' என்று சொல்லும். இரண்டில் எது மறுத்தாலும் காரியம் நடக்காது.

ஃபோல்டர்களில் இன்னும் விசேஷம். விண்டோஸில் ஒரு ஃபோல்டருக்கு ரீட்-ஒன்லி குறி இருந்தால், உள்ளே எழுதக் கூடாது என்று அர்த்தமில்லை. 'இந்த ஃபோல்டருக்குத் தனி ஐகானோ அலங்காரமோ இருக்கலாம், போய்ப் பார்' என்று எக்ஸ்ப்ளோரருக்குச் சொல்கிற அடையாளமாக அதை மாற்றிவிட்டார்கள். உபயோகமில்லாமல் கிடந்த கட்டத்துக்கு வேறு வேலை கொடுத்துவிட்டார்கள்.

1995-ல் சிக்னஸ் நிறுவனத்தில் இருந்த ஸ்டீவ் சேம்பர்லேன் யூனிக்ஸ் கருவிகளை விண்டோஸின் மேலேயே ஓட்டுகிற வேலையை ஆரம்பித்தார். அதுதான் சிக்வின். சிக்னஸை ரெட் ஹேட் வாங்கியபோது அங்கே போனது. விண்டோஸ் கணினியைக் கொடுத்து யூனிக்ஸ் வேலை பார்க்கச் சொன்ன அலுவலகங்களில், இரண்டாயிரங்களில் வேலை பார்த்த நம்மவர்களில் பாதிப் பேருக்குச் சோறு போட்டது இந்தச் சிக்வின் என்றால் மிகையில்லை.

சிக்வினுக்கு இருந்த தலைவலி சாம்பாவுக்கு நேர் எதிர்ப்பக்கம். யூனிக்ஸ் கருவிகள் 'இந்தக் கோப்பை ஓட்டலாமா?' என்று கேட்கும். கீழே ஃபேட் அமைப்பு இருந்தால் பதில் சொல்லக் கட்டமே இல்லை. ஆகவே சிக்வின் ஊகித்தது. பெயர் .எக்ஸி என்று முடிகிறதா? இல்லையென்றால் கோப்பைத் திறந்து முதல் இரண்டு எழுத்தைப் பார், #! என்று ஆரம்பிக்கிறதா? அப்படியானால் ஓட்டலாம். அனுமதியை மாற்றும் சிஹெச்மாட் கட்டளையை நீங்கள் கொடுத்தால் பிழை எதுவும் சொல்லாமல் தலையாட்டும். ஆனால் ரீட்-ஒன்லி குறியைத் தவிர வேறு எதையும் அங்கே எழுதி வைக்க முடியாது. திரும்பிப் பார்த்தால் எல்லாம் பழையபடி இருக்கும்.

யூனிக்ஸில் சிம்லிங்க் என்று ஒன்று உண்டு. 'நான் அந்தக் கோப்பு இல்லை, அது இன்ன இடத்தில் இருக்கிறது' என்று வழிகாட்டும் பலகை. சிக்வின் இதை ஒரு சின்ன உரைக் கோப்பாக எழுதி, அதற்குச் சிஸ்டம் குறி போட்டு வைத்தது. அந்தக் குறி இருந்தால் வழிகாட்டி. இல்லாவிட்டால் வெறும் சின்ன உரைக் கோப்பு. அந்த ஃபோல்டரை ஒரு சிடியில் எழுதித் திரும்பக் கொண்டுவந்தால் சிஸ்டம் குறி போய்விடும், வழிகாட்டிகள் எல்லாம் குப்பை எழுத்துகள் கொண்ட கோப்புகளாகக் கிடக்கும். உள்ளே இருக்கும் எழுத்து ஒன்றுகூட மாறவில்லை. ஒரே ஒரு பிட் தொலைந்ததால் அர்த்தம் முழுக்கத் தொலைந்தது.

சிடி என்றதும் நினைவுக்கு வருகிறது. ஊரிலிருந்து ஸ்டூடியோக்காரர் கல்யாணப் படங்களைச் சிடியில் போட்டுக் கொடுப்பார். விண்டோஸ் 95, 98 கணினியில் அதை ஹார்ட் டிஸ்குக்குக் காப்பி செய்தால் படம் எல்லாவற்றுக்கும் ரீட்-ஒன்லி குறி ஒட்டிக்கொண்டு வரும். சாய்ந்த படத்தைத் திருப்பிச் சேமிக்கலாம் என்றால் முடியாது என்று மறுக்கும். சிடியில் எழுத முடியாது என்பது சிடியின் குணம். அதைக் கோப்பின் குணமாக நினைத்து விண்டோஸ் கூடவே தூக்கிக்கொண்டு வந்தது. எக்ஸ்பி காலத்தில்தான் இதைச் சரிசெய்தார்கள்.

பூட்டாத பூட்டு

இப்போது மெமரி கார்டுக்கு வருவோம். டிஜிட்டல் கேமராக்கள் எல்லாம் ஒரே மாதிரி கோப்பு எழுத வேண்டும் என்று ஜப்பானில் 1998-ல் டிசிஎஃப் என்ற விதிமுறையை வகுத்தார்கள். டிசிஐஎம் என்ற ஃபோல்டர், நான்கு எழுத்தும் நான்கு எண்ணுமாகக் கோப்புப் பெயர், அடியில் அதே பழைய ஃபேட் அமைப்பு. உங்கள் வீட்டுக் கேமரா எந்தக் கம்பெனியுடையது ஆனாலும் கார்டைச் செருகினால் டிசிஐஎம் தெரிவதற்குக் காரணம் இதுதான்.

கேமராவில் சாவிப் படம் போட்ட 'பாதுகாப்பு' பொத்தான் பார்த்திருப்பீர்கள். முக்கியமான படத்தில் அதை அழுத்தினால், தெரியாமல் அழித்துவிட முடியாது. அந்தச் சாவிக்குள் இருப்பது வேறொன்றுமில்லை, ஃபேட் பதிவில் இருக்கும் அதே ரீட்-ஒன்லி பிட். டாஸ் வம்சத்தில் அதற்கு 'மாற்றாதே, அழிக்காதே' என்று இரண்டு அர்த்தம் உண்டு.

யூனிக்ஸ் வம்சத்தில் கதை வேறு. அங்கே கோப்பை அழிப்பது என்பது கோப்பைத் தொடும் காரியமே இல்லை. ஃபோல்டர் என்ற பட்டியலிலிருந்து ஒரு பெயரை அடிப்பது, அவ்வளவுதான். ஆகவே ஃபோல்டரில் எழுதும் உரிமை உங்களுக்கு இருந்தால் போதும். கோப்பில் 'எழுதாதே' என்று இருந்தாலும் அழிக்கலாம். ஆர்.எம். கட்டளை மரியாதைக்கு ஒரு தடவை கேட்கும். ஆர்.எம். -எஃப் என்று போட்டால் அதையும் கேட்காது. சிக்வினும் யூனிக்ஸ் சம்பிரதாயப்படியே நடக்கும்: ரீட்-ஒன்லி குறியைத் தானே எடுத்துவிட்டு, பிறகு கோப்பை அழிக்கும். விண்டோஸ் பக்கம் பூட்டு, யூனிக்ஸ் பக்கம் வெறும் பொம்மைப் பூட்டு. ஒத்துப்போவதாகத் தெரிந்த ஒரே கட்டத்திலும் அர்த்தம் இரண்டு. கட்டமே இல்லாதது தேவலாம். ஒரே பெயரில் வேறு அர்த்தம் இருப்பதுதான் ஆபத்து. (கேமராவிலேயே 'ஃபார்மேட்' கொடுத்தாலும் சாவி போட்ட படங்கள் சேர்ந்துதான் போகும் என்பதையும் சொல்லி வைக்கிறேன்.)

மாலை நாலரை மணிப் பொங்கல்

எனக்கு மிகவும் பிடித்த கோளாறு நேரம் சம்பந்தப்பட்டது. புலம்பெயர்ந்தவர்களுக்கென்றே செய்த மாதிரி இருக்கும்.

யூனிக்ஸ், 1970 ஜனவரி 1 முதல் எத்தனை நொடி ஆயிற்று என்று உலகப் பொது நேரத்தில் எண்ணி வைக்கும். என்டிஎஃப்எஸ்ஸும் பொது நேரம்தான். ஃபேட் அப்படியில்லை. சுவர்க் கடிகாரம் என்ன காட்டுகிறதோ அதை அப்படியே எழுதும். எந்த ஊர்ச் சுவர் என்று எழுதாது. 'எந்த ஊர்' என்பதற்கு அங்கே கட்டமே கிடையாது. ஒரு மேசை, ஒரு ஆள், ஒரு ஊர்.

ஜனவரி 15 காலை ஆறு மணிக்குக் குப்பத்தில் ஒரு வீட்டு வாசலில் பொங்கல் பொங்குகிறது. படம் எடுக்கிறார்கள். கார்டில் 6:00 என்று பதிகிறது. அந்தக் கார்டு நியூ ஜெர்சிக்கு வருகிறது. இங்கே விண்டோஸ் கணினி அதைத் தன் ஹார்ட் டிஸ்குக்குக் காப்பி செய்யும்போது, 'ஆறு மணி என்றால் நம்மூர் ஆறு மணிதானே' என்று எடுத்துக்கொள்கிறது. பொது நேரத்தில் அது 11:00. உண்மையில் குப்பத்தின் காலை ஆறு, பொது நேரத்தில் நள்ளிரவு 12:30. பத்தரை மணி நேரம் தப்பு. ஆனால் இங்கே திரையில் 6:00 என்றே தெரிவதால் யாருக்கும் சந்தேகம் வராது.

அடுத்த விடுமுறைக்கு அதே ஹார்ட் டிஸ்கை ஊருக்குக் கொண்டு போய் அங்கே இருக்கிற கணினியில் செருகுங்கள். 11:00-ஓடு ஐந்தரை மணி நேரம் கூட்டி, பொங்கல் படத்துக்கு மாலை 4:30 என்று காட்டும். வாசலில் இளவெயில், பானையில் நுரை, நேரம் மாலை நாலரை! பாட்டி பார்த்தால் சண்டைக்கே வந்துவிடுவார்.

ஃபேட்டின் நேரத்தில் இன்னொரு சின்னக் குறையும் உண்டு. நொடிக்கு ஒதுக்கியது ஐந்து பிட். ஐந்து பிட்டில் 32 எண்கள்தான் அடங்கும். 60 நொடி அடங்காது. அதனால் இரண்டு இரண்டு நொடியாகத்தான் எண்ணும். ட்ரிட்ஜெல்லும் பால் மெக்கராஸும் 1996-ல் வெளியிட்ட ஆர்சிங்க் என்ற அருமையான காப்பிக் கருவி, கோப்பின் அளவும் நேரமும் ஒத்துப்போனால் 'மாறவில்லை' என்று விட்டுவிடும். ஆனால் காப்பி போய்ச் சேரும் பக்கம் ஃபேட் என்றால் ஒற்றைப்படை நொடிகள் எல்லாம் ஒரு நொடி பிசகும். ஒன்றுமே மாறாத கோப்புகளில் பாதியை ஒவ்வொரு தடவையும் மறுபடி காப்பி செய்துகொண்டிருக்கும். இதற்காகவே அதில் 'மாடிஃபை-விண்டோ' என்று ஒரு விருப்பம் வைத்திருக்கிறார்கள். அதற்கு 1 என்று கொடுத்தால் ஒரு நொடி வித்தியாசத்தைப் பொருட்படுத்தாது.

பிறகு திருந்தினார்களா?

கொஞ்சம் திருந்தினார்கள். சாம்பா, டாஸ் குறிகளைத் தனிப் பண்பாக எழுதி வைக்கக் கற்றுக்கொண்டது. 2018 முதல் அதுவே வழக்கமான ஏற்பாடு. மைக்ரோசாஃப்டே 2016-ல் விண்டோஸுக்குள் லினக்ஸைக் கொண்டு வந்தபோது, ஆரம்பத்தில் விண்டோஸ் பக்கத்துக் கோப்பு எல்லாம் 'யாரும் எதுவும் செய்யலாம்' என்றே காட்டியது. 2018-ல் லினக்ஸ் அனுமதிகளை என்டிஎஃப்எஸ் கோப்பிலேயே ஒரு கூடுதல் தாளாக ஒட்டி வைக்கும் வசதி வந்தது. பரணில் ஏற்றாமல், 'இது லினக்ஸ்காரருடைய தாள்' என்று பெயர் எழுதித் தனியாக வைப்பது.

இதை எல்லோருக்கும் முன்னால் செய்தது 1989-ல் ஃபில் காட்ஸ் உண்டாக்கிய ஜிப். ஜிப்பில் ஒவ்வொரு கோப்போடும் 'இது எந்த அமைப்பில் பிறந்தது' என்று ஓர் எண் இருக்கும். 0 என்றால் டாஸ், 3 என்றால் யூனிக்ஸ். டாஸ் பண்புக்கு ஓர் இடம், யூனிக்ஸ் அனுமதிக்கு வேறோர் இடம். திறக்கிறவர் முதலில் பிறந்த ஊரைப் பார்த்துவிட்டு, அந்த ஊர் வழக்கப்படி மற்றதைப் படித்துக்கொள்ளலாம். நேரத்தில் மட்டும் ஜிப்பும் பழைய டாஸ் வழிதான், அது வேறு விஷயம்.

வீட்டில் செய்யக்கூடியது

இந்த வரலாற்றிலிருந்து நம் குடும்பங்களுக்கு உபயோகமான சங்கதி இதுதான்: ஒரு படத்தைப் பற்றி முக்கியமானது எதையும் கோப்பின் பண்புகளை நம்பி விடாதீர்கள். எல்லை தாண்டும்போது உள்ளடக்கம் தப்பிக்கும், படிவம் தப்பிக்காது. ஆகவே முக்கியமானதை உள்ளடக்கத்துக்குள்ளோ பெயருக்குள்ளோ போட்டுவிடுங்கள்.

எடுத்த நேரத்தைப் படத்துக்குள்ளேயே எக்ஸிஃப் என்ற பகுதியில் கேமரா எழுதி வைத்திருக்கும். கோப்பின் தேதியைப் பார்க்காமல் அதைப் பாருங்கள். பழைய படங்களில் அதிலும் ஊர் நேர வித்தியாசம் இருக்காது. அதற்கான கட்டம் 2016-ல்தான் சேர்ந்தது. அதனால் ஃபோல்டர் பெயரிலேயே ஆண்டு, மாதம், நாள், ஊர் எழுதிவிடுங்கள். குப்பத்தில் எடுத்ததா, குரோம்பேட்டையில் எடுத்ததா என்று பத்து ஆண்டு கழித்து யாருக்கும் நினைவிருக்காது.

யூனிக்ஸ் பக்கத்து ஃபோல்டரை ஃபேட் டிஸ்கில் கொண்டு போக வேண்டுமென்றால் தனித்தனிக் கோப்பாகக் காப்பி செய்யாமல் டார் மூட்டையாகக் கட்டிக் கொண்டு போங்கள். அனுமதி, உரிமையாளர், நேரம் எல்லாம் மூட்டைக்குள் எழுதியிருக்கும். ரீட்-ஒன்லி குறியையும் சாவிப் பொத்தானையும் பாதுகாப்பு என்று நம்பாதீர்கள். பாதுகாப்பு என்றால் வேறொரு வீட்டில் இன்னொரு பிரதி.

எல்லாவற்றையும்விட அவசரமானது ஒன்று உண்டு. படத்தில் இருப்பவர் யார், நமக்கு என்ன உறவு என்பதை எந்த இயங்குதளமும் எழுதி வைக்கவில்லை. 1971-லும் அதற்குக் கட்டம் இல்லை, 1983-லும் இல்லை. எக்ஸிஃப் பகுதிக்கும் அது தெரியாது. அது தெரிந்த கணக்கு ஊரில் இருக்கிற பெரியவர்கள் நினைவில் மட்டும் இருக்கிறது. அடுத்த தடவை போனில் பேசும்போது திரையில் படத்தைக் காட்டி, இடமிருந்து வலமாக யார் யார் என்று கேட்டு, படத்தின் பெயரிலேயே எழுதிவிடுங்கள். தமிழிலேயே எழுதலாம், ஒருங்குறி வந்த பிறகு எந்தப் பக்கமும் தடையில்லை.

உங்கள் வீட்டிலும் மாலை நாலரை மணிப் பொங்கல் இருக்கிறதா என்று பார்த்துப் பின்னூட்டத்தில் சொல்லுங்களேன்.